ஒலியில் நிகழும் ஆய்வு



ஆய்வு முடிந்து நூலும் அச்சேறிய பிறகு, அதன் முடிவுகளைப் பொதுமக்களுக்கு எளிமையாக எடுத்துச் சொல்லும் விளம்பரக் கருவியாகவே பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் தொடராக வெளிவந்து கேட்பவர் தமக்கு வாய்த்த நேரத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி, கல்வியுலகில் பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் குரலைப் பதிவதிலும், பதிந்ததை வெட்டிச் சேர்ப்பதிலும், சேர்த்ததை உரியவருக்கே போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்பதிலும் ஆய்வே நிகழ்கிறது என்பதும், அவ்வுழைப்பை ஆய்வாகவே மதிப்பிட வேண்டும் என்பதும் இவ்வுரையின் வாதம்.

பாட்காஸ்ட் என்ற பெயர் பிறக்கும் முன்பே இதற்கு வழி வகுத்தவர்கள் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீவன் ஃபெல்ட், பப்புவா நியூ கினியின் பொசாவி மழைக்காட்டில் வாழும் கலுலி மக்களிடையே 1970களிலிருந்து கள ஆய்வு செய்தவர். பறவைக் குரலும் நீரோசையும் அழுகையும் பாட்டும் அம்மக்களின் உணர்வுலகில் பின்னிக் கிடப்பதை 1982இல் வெளிவந்த நூலில் எழுத்தால் விளக்கிய அவர், 1991இல், அக்காட்டின் 24 மணி நேரத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கிய ஒலித்தொகுப்பை வெளியிட்டார். பதிவுகளை அம்மக்களுக்கே போட்டுக் காட்டி, எந்த ஓசை முன்வர வேண்டும், எது பின்னே ஒலிக்க வேண்டும் என்பதை அவர்களின் செவியைக் கொண்டே முடிவு செய்யும் முறையை அவர் கையாண்டார். மனிதக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று பூச்சி இரைச்சலை அடக்குவது ஒலிக்கூடத்து வழக்கம். காட்டையும் பாட்டையும் பிரித்துக் கேட்காத செவிக்கு அதுவே குறையாகப் படும். அந்தக் குறை இன்னதென்று அவர்கள் சுட்டிக் காட்டும்போது கிடைக்கும் அறிவு, எத்தனை கேள்விகளை எழுதிக்கொண்டு போனாலும் கிடைக்காதது.

கனடாவின் பியானோ மேதை க்ளென் கூல்ட், சிபிசி வானொலிக்காக 1967இல் உருவாக்கிய ‘தி ஐடியா ஆஃப் நார்த்’ என்னும் நிகழ்ச்சி மற்றொரு பாடம். கனடாவின் வடபுலத்தை அறிந்த ஐவரைத் தனித்தனியே நேர்கண்ட கூல்ட், ஒரே ரயிலில் அவர்கள் பயணம் செய்வதுபோல் அக்குரல்களை இழைத்தார். தொடக்கத்தில் ஒரு செவிலியர் பேசுகிறார். அவர் முடிக்குமுன்பே ஓர் ஆண்குரல் அதன்மேல் படிய, மூன்றாவது குரலும் வந்து சேர, ஒன்றைப் பற்றிக்கொள்ளும் செவியிலிருந்து மற்றொன்று நழுவிவிடுகிறது. அச்சில் சாட்சியங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கத்தான் முடியும், அடுக்கியவுடன் கடைசிச் சொல் யாருடையது என்ற கேள்வியும் எழுந்துவிடும். ஒலியிலோ முரண்படும் இரு நினைவுகளை ஒரே கணத்தில் நிறுத்தி வைக்க இயலும். நடவாத உரையாடலை நடந்ததுபோல் காட்டும் இவ்வாற்றல் ஆபத்தானதும்கூட. ஆகவே எங்கே வெட்டினார், ஏன் சேர்த்தார் என்பதை ஆய்வாளர் நிகழ்ச்சிக்குள்ளேயே சொல்லியாக வேண்டும்.

இத்தகைய படைப்பை மதிப்பிடுவது எப்படி என்ற கேள்விக்கும் கனடாவிலிருந்தே துணிவான விடை ஒன்று வந்தது. சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் ஹன்னா மெக்ரெகர் 2017இல் தொடங்கிய ‘சீக்ரெட் ஃபெமினிஸ்ட் அஜெண்டா’ என்ற பாட்காஸ்டை, வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழகப் பதிப்பகம் துறை வல்லுநர்களிடம் அனுப்பி, ஆய்வு நூலுக்குரிய முறையில் மதிப்பீடு பெற்றது. வழக்கமாக மதிப்பீட்டாளரின் பெயரும் கருத்தும் மறைவாகவே இருக்கும். இங்கோ மதிப்புரைகளும் அவற்றுக்கு மெக்ரெகர் தந்த மறுமொழியும் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன. நூல் அச்சாகிவிட்டால் மதிப்புரை அதை மாற்றாது. தொடர் வடிவிலோ ஒரு பருவத்தின் மீதான விமர்சனம் அடுத்த பருவத்தின் போக்கையே திருத்தக்கூடும். இதைவிட நேர்மையான ஆய்வு ஒழுங்கு அரிது.

இவ்வளவையும் ஏற்ற பிறகும் கடினமான சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. அச்சில் தகவலாளியின் பெயரை மாற்றி, ஊரை மறைத்து, தொழிலைப் பொதுவாகச் சொல்லிவிட்டால் அவரைப் பெருமளவு காப்பாற்றலாம். குரலை அப்படி மறைக்க முடியாது. அண்டை வீட்டார் முதல் வாக்கியத்திலேயே கண்டுகொள்வார். கருவியால் குரலைத் திரித்தால் தயக்கமும் நடுக்கமும் சேர்ந்தே சிதைய, எதற்காக ஒலியைத் தேர்ந்தாரோ அதையே ஆய்வாளர் இழக்கிறார். ஆகவே, பேசத் தொடங்குமுன் ஒரு தாளில் வாங்கும் கையெழுத்து இங்கே போதாது. தம் சொற்கள் யாருடைய சொற்களுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன என்பதைப் பேசியவர் தொகுப்பு முழுவதையும் கேட்டே அறிய வேண்டும், அதன் பிறகும் தம் பகுதியை விலக்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.