மலைகள் சூழ்ந்த நகரம்



எருசலேமில் பழைய ஆலயம் நின்ற குன்று கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 740 மீட்டர் உயரமுடையது. கீதரோன் பள்ளத்தாக்கைக் கடந்தால் கிழக்கே எழும் ஒலிவமலை அதனினும் உயர்ந்தது. பிற பக்கங்களிலும் மேடுகள் உண்டு. யாத்திரிகர் பாடிச் சென்ற பாடல்களில் ஒன்றாகிய 125ஆம் சங்கீதம், ஆண்டவர் தம் மக்களுக்கு அளிக்கும் காவலுக்கு இம்மலைகளையே உவமையாக்குகிறது. அக்காவலுக்குக் காலவரையறை இல்லை என்றும் அது கூறுகிறது.

ஆனால் அம்மலைகள் பகைவரைத் தடுத்தனவா? இல்லை. கி. மு. 597இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் நகரைப் பணியவைத்து, இளம் அரசன் யோயாக்கீனையும், படைவீரரையும், தச்சர் கொல்லரையும் சிறைபிடித்துச் சென்றான். கி. மு. 586 அளவில் அவன் சேனை மீண்டும் வந்து ஆலயத்தையே எரித்தது. இச்சங்கீதம் அவ்வழிவுக்குப் பின்னர் எழுந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அவ்வாறாயின், மலைகள் காவாமற்போனதை நன்கறிந்த ஒருவரே மலைகளை உவமையாக எடுத்தார் என்றாகிறது. கொடியோரின் செங்கோல் நாட்டின்மேல் இருப்பதை அவர் மறைக்கவும் இல்லை. அது நிலைத்திராது என்று மட்டுமே சொல்கிறார். துன்பமே அணுகாது என்ற வாக்குறுதியை அப்பாடலில் தேடுவோர் ஏமாறுவர்.

அவ்விரு படையெடுப்புகளுக்கும் இடையே தீர்க்கதரிசி எரேமியா பாபிலோனிலிருந்த சிறைப்பட்டோருக்கு ஒரு கடிதம் விடுத்தார். அனனியா என்னும் மற்றொருவர், இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சீராகிவிடும் என்று ஆலயத்தில் முழங்கியிருந்த காலம் அது. எரேமியா எழுதியதோ வேறு: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், மக்களுக்கு மணம் முடியுங்கள், சிறைகொண்டு சென்ற அந்நகரின் நலனுக்காகவே ஆண்டவரை வேண்டுங்கள்; எழுபது ஆண்டு கழித்தே விடுதலை. கேட்டோரில் பெரும்பாலார் அந்நாளைக் காணமாட்டார் என்பது வெளிப்படை. இவனை ஏன் இன்னும் தொழுவில் மாட்டவில்லை என்று பாபிலோனிலிருந்த ஒருவர் எருசலேம் ஆசாரியருக்குச் சினந்து எழுதினார். அதே கடிதத்தில் வரும் நன்னம்பிக்கை வாக்கியத்தை நம்மவர் நாட்காட்டிகளில் அச்சிட்டு மகிழ்கின்றனர். எழுபது ஆண்டை மட்டும் அச்சிடுவதில்லை!

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்தவர் நிலை வேறு, சிறையாகச் சென்றவர் நிலை வேறு. ஆயினும் வந்த ஊரில் வேர் விடுவதா, பெட்டியைக் கட்டியபடியே காத்திருப்பதா என்னும் வினா நேயர்கள் பலருக்குப் புதிதன்று.

எரேமியாவின் சொல்லைப் பலர் பின்பற்றினர் என்றே தோன்றுகிறது. 2014இல் பதிப்பிக்கப்பட்ட ஆப்பெழுத்துக் களிமண் ஏடுகள் பாபிலோனியாவில் ‘யூதாவின் ஊர்’ என்னும் பெயருடைய ஒரு சிற்றூரைக் காட்டுகின்றன. அவற்றுள் முந்தியது கி. மு. 572ஐச் சார்ந்தது. வாற்கோதுமைக் கடன், பேரீச்சை, நிலக்குத்தகை, வரி ஆகியவையே அவற்றின் பொருள். வீரமோ அற்புதமோ ஒன்றுமில்லை. ஆனால் கடன்பட்டோர் பெயர்களில் அவர்கள் தெய்வத்தின் பெயர் கலந்திருக்கிறது. ஆலயம் சாம்பலாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும், அயல்மொழி எழுத்தர் அப்பெயரை ஈரக் களிமண்ணில் பதித்துக்கொண்டிருந்தனர். கி. மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைக்கொண்டான். ஊர் திரும்ப யூதருக்கு வழி திறந்தது. அதன் பின்னரும் அவ்வேடுகள் தொடர்கின்றன. எல்லாரும் திரும்பவில்லை.

புதிய ஏற்பாட்டிலும் இந்த வாக்குறுதி இதே வகையினதே. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவின் அன்பினின்று பிரிக்க வல்லது எது என்று பவுல் வினவி, இடுக்கண், பசி, ஆடையின்மை என எண்ணிக்கொண்டே போகிறார். இவை வாரா என்று அவர் சொல்லவில்லை. இவை பிரிக்கமாட்டா என்றே சொல்கிறார். அவ்வரிசையில் இறுதியாக நிற்பது வாள். அக்கடிதம் சென்ற ரோமாபுரியிலேயே பவுல் பின்னர் வாளால் மாண்டார் என்பது திருச்சபையின் பழைய மரபு.