மருத்துவமனை எழுதும் ஏடு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் என்னைப் பணித்தபோது, "ஐயா, நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். ரயில்வேயில் குமாஸ்தா. டாக்டர் ஒருவரை அழைப்பதல்லவா முறை?" என்றேன். "டாக்டர் பேசுவதைக் கேட்டு வியப்போம். நீங்கள் பேசினால் விளங்கிக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரிஜிஸ்தர் எழுதிப் பழகிய கை என்னுடையது. ஆதலால் மருத்துவத்தைப் பற்றி அன்று, ஒரு மருத்துவமனை எழுதிவைக்கும் ஏட்டைப் பற்றிப் பேசுகிறேன். அதற்கு மட்டும் எனக்குச் சிறிது தகுதி உண்டென்று கருதுகிறேன்.

நம் மும்பை மாநகரில் பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையை அறியாதவர் இவ்வவையில் இரார். நம்மில் பலருடைய பிள்ளைகள் அந்தப் பகுதியில்தான் பிறந்தன. மாநகராட்சி நடத்தும் இம்மருத்துவமனையும், அதனோடு இணைந்த சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரியும் 1926ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றன. கல்லூரிக்குப் பொருள் உதவியவர்கள் விதித்த நிபந்தனை ஒன்று நினைவில் வைக்கத்தக்கது. அங்கே ஆசிரியராக அமர்பவர்கள் அரசாங்க உத்தியோகத்தில் இல்லாத இந்தியர்களாகவே இருத்தல் வேண்டும் என்பதே அது. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், "எங்கள் மக்களாலும் இது முடியும்" என்று உலகத்துக்குக் காட்ட எழுந்த நிலையம் அது.

அங்கே சென்றால் நம் கண்ணுக்குப் படுவன எவை? நீண்ட வரிசை, கையில் கேஸ் பேப்பர், தள்ளுவண்டியில் நோயாளி, படிக்கட்டில் அமர்ந்திருக்கும் உறவினர். ஆனால் நம் கண்ணுக்குப் படாத வேலை ஒன்றும் அங்கே நடக்கிறது. அது எழுதும் வேலை. நோயைத் தீர்ப்பது வந்தவரைக் காக்கும். தீர்த்த விதத்தையும், தீராமற்போன காரணத்தையும் எழுதி வெளியிடுவது இனி வரப்போகிறவரைக் காக்கும். இம்மருத்துவமனையின் மருத்துவர்கள் 1955 முதல் தாங்களே ஓர் ஆராய்ச்சி இதழை நடத்தி வருகின்றனர். பட்ட மேற்படிப்பு மருத்துவ இதழ் என்பது அதன் பெயரின் பொருள். இன்று அதை யாரும் காசின்றிக் கணினியில் படிக்கலாம்.

அவ்விதழ் தோன்றுவதற்கு முன்பே இங்கிருந்து சென்ற எழுத்து உலகத்தின் கவனத்தை ஈர்த்ததுண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவர். "அறிவோம்" என்று சொல்வது வேறு, அளந்து காட்டுவது வேறு. கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் இரத்த அழுத்தம் உடைய 50 பேருக்கு அவ்வேரைக் கொடுத்து, அழுத்தம் எவ்வளவு தணிந்தது என்று கணக்கெடுத்து, 1949இல் பிரிட்டனின் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன் பின்னரே மேலை நாட்டார் அவ்வேரின்பால் பெரிதும் நாட்டம் கொண்டனர். 1957இல் அவருக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. வேர் பழையது, அதற்கு மதிப்புத் தந்தது எழுதிவைத்த கணக்கு.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அது 1952ஆம் ஆண்டின் செய்தி. ரயில் விபத்தில் காயமுற்ற ஒருவருக்கும், கத்திக்குத்துப்பட்ட ஒருவருக்கும் இரத்தம் செலுத்த வேண்டியிருந்தது. பரிசோதித்துப் பார்த்தால் ஏ வகையும் பொருந்தவில்லை, பி வகையும் பொருந்தவில்லை. எல்லோர்க்கும் ஏற்றது என்று பெயர் பெற்ற ஓ வகையும் பொருந்தவில்லை. வேலை மிகுந்த மருத்துவமனையில், "ஏதோ விசித்திரம்" என்று சொல்லி அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருக்கலாம். அவ்வாறு போகாமல் மருத்துவர்கள் பேண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா ஆகிய மூவரும் காரணத்தைத் தேடினர். இத்தகைய இரத்தம் உடையவராக மூவரைக் கண்டனர். லண்டன் லிஸ்டர் நிலையத்து நிபுணர்களான ரேஸ், சாங்கர், மார்கன், வாட்கின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து ஆராய்ந்து, 'லான்செட்' இதழில் அவ்வாண்டே வெளியிட்டனர். நீண்ட நூலன்று அது, இரண்டே பக்கக் கட்டுரை. அவ்வகைக்குப் 'பம்பாய் இரத்த வகை' என்று பெயர். 1995இல் நகரின் பெயர் மும்பை என்று மாறிற்று. இரத்த வகையின் பெயர் மட்டும் மாறவில்லை.

இதன் விந்தையை ரயில்வேக்காரன் பாணியில் விளக்குகிறேன். இரத்தத்தின் சிவப்பணுவை ஒரு வேகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'எச்' என்னும் கொக்கிகள் இருக்கின்றன. கொக்கியில் ஒருவகைச் சர்க்கரைப் பொருளைக் கோத்தால் அது ஏ. வேறொரு வகையைக் கோத்தால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. ஒன்றும் கோக்காமல் வெறுங்கொக்கியாக இருந்தால் ஓ. பரேலில் கண்ட மூவருக்கோ கொக்கியே இல்லை! கொக்கி இல்லாத உடலுக்குக் கொக்கி அந்நியப் பொருள். ஆதலால் ஓ வகை இரத்தத்தைச் செலுத்தினாலும் அவ்வுடல் அதைப் பகையென்று எண்ணி அழிக்க முற்படும். உயிருக்கே ஆபத்து நேரிடும்.

இதில் இன்னும் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. சாதாரணப் பரிசோதனையில் ஏ இல்லை, பி இல்லை என்று தெரியும். உடனே 'ஓ' என்று எழுதிவிடுவார்கள். சீட்டு ஓ என்று சொல்லும், இரத்தம் வேறு கதை சொல்லும். செலுத்துவதற்கு முன் நோயாளியின் இரத்தநீரைக் கொடுப்பவரின் இரத்தத்தோடு சேர்த்துப் பார்க்கும் பொருத்தச் சோதனையை முறையாகச் செய்தால்தான் உண்மை வெளிப்படும். அந்த இரண்டு பக்கம் எழுதப்பட்டிராவிட்டால், "ஓ வகைதானே கொடுத்தோம், ஏன் இறந்தார்?" என்ற கேள்வி எத்தனை ஊர்களில் விடையின்றி நின்றிருக்கும்!

நம் நாட்டில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் இவ்வகையினர் என்று கணக்கிடுகின்றனர். மேலை நாடுகளில் இது மிக மிக அரிது. தமிழர்களாகிய நாம் இதைக் கவனிக்கத் தனியான காரணம் உண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறை வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு இவ்வகை அமையும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாது. தாய்மாமனையும், அத்தை மகனையும், மாமன் மகளையும் மணப்பது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். ஒரே பாட்டன் பாட்டியின் வழியில் வந்த இருவரிடம் ஒரே மறைவான குறை இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வழக்கத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரத்தத்தைச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

குடும்ப மானத்தைத் தொடும் செய்தியும் இதில் அடங்கியிருக்கிறது. கணவனும் மனைவியும் ஓ வகை என்று சீட்டில் இருக்கிறது. பிள்ளை ஏ வகை என்று வருகிறது. அரைகுறையாகப் படித்தவன் என்ன நினைப்பான்? ஒரு பாவமும் அறியாத பெண்ணின்மேல் சந்தேகம் விழும். ஆனால் அக்கணவன் பம்பாய் வகையினனாக இருக்கலாம். ஏ என்னும் கூறு அவனிடம் இருந்தும், கோக்கக் கொக்கியின்றி மறைந்து கிடந்திருக்கலாம். தாயிடமிருந்து கொக்கியைப் பெற்ற பிள்ளையிடம் அது வெளிப்பட்டிருக்கலாம். அத்தகைய வீட்டில் அவ்விரண்டு பக்கம் ஒரு பெண்ணின் கண்ணீரைத் துடைக்கும் வல்லமை உடையது.

நண்பர்களே! இந்த ஆராய்ச்சியைச் செய்தவர்கள் மருத்துவர்கள். ஆனால் இரத்தம் கொடுத்தவர்கள் யார்? ஊர் பேர் தெரியாத நம்மைப் போன்ற எளிய மக்கள். அவர்கள் பெயரை உலகம் அறியாது. எனினும் அவர்கள் இன்றேல் அக்கட்டுரை இல்லை.

"ஆராய்ச்சி என்றால் ஏழையை எலியாக்குவது" என்று நம்மவரில் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நான் இகழமாட்டேன். அச்சத்துக்கு மருந்து கேள்வி கேட்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆராய்ச்சியில் சேர்வோர்க்கு அதை அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, அவர்தம் சம்மதம் பெறுதல் வேண்டும். சேர மறுத்தாலும், சேர்ந்தபின் விலகினாலும், சிகிச்சையில் குறை வைத்தல் கூடாது. புது மருந்துச் சோதனையால் தீங்கு நேர்ந்தால் ஈடு அளிக்க 2019ஆம் ஆண்டின் விதிகள் வழி செய்கின்றன.

'புரியும் மொழியில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊரிலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் நம் வீட்டுப் பாட்டிக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. "இங்கே கைநாட்டு வையுங்கள்" என்றால் அஞ்சி மறுப்பார், அல்லது அறியாமல் வைப்பார். இரண்டும் நன்றன்று. நம் சங்க இளைஞர் ஒருவர் அருகில் நின்று தமிழில் எடுத்துச் சொன்னால், பாட்டி தாமே முடிவு செய்வார். பொங்கல் விழாவும் நாடகமும் நடத்தும் நம் சங்கம் இப்பணியையும் மேற்கொள்ளலாகாதா?

ஆகவே சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். உறுப்பினர் ரிஜிஸ்தரில் பெயர், முகவரிக்கு அருகே 'இரத்த வகை' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். உறுப்பினர்கள் விரும்பிச் சொன்னால் மட்டும் அதை நிரப்புங்கள். உடல்நலம் உடைய ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் இரத்தம் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு நாளேனும் சங்கத்தின் பெயரால் முகாம் நடத்துவோம். நம்மில் எவரேனும் பம்பாய் வகையினர் என்று தெரியவந்தால் அவர் அஞ்ச வேண்டியதில்லை. அதைக் குறித்த அட்டை அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். அவருடைய உடன்பிறந்தாரையும் சோதிக்கச் செய்யுங்கள். அவரைப் போன்ற மற்றொருவர் எங்கோ ஒரு வார்டில் அவருக்காகக் காத்திருக்கக்கூடும்.

இன்னொன்று. மருத்துவமனைச் சீட்டுகளைச் சமையலறை அலமாரியில் விரிக்காதீர்கள். தேதிவாரியாகக் கோப்பில் வையுங்கள். டாக்டர் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். நாளை ஒரு நல்ல கட்டுரையாக மலரப்போவது அக்காகிதமாகவும் இருக்கலாம். பிழைப்புக்காக வந்த நம்மை இந்நகரம் ஏற்று, வேலையும் வைத்தியமும் கொடுத்தது. அந்தக் கடனில் ஒரு பங்கை நம் இரத்தத்தாலும், நம் தமிழாலும் தீர்ப்போம்.