ஊர் கூடும் மாதங்கள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டின் கடைசி மாதங்களில் நம் ஊரில் நடக்கும் பொதுக் காரியங்களைப் பற்றியும், அவற்றில் யார் யார் என்ன தொண்டூழியம் செய்யலாம் என்பதைப் பற்றியும் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். நல்ல தலைப்பு. சாப்பாடு காத்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன்.

குளிர் நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம் என்று பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். நமக்கு இலை உதிர்வது எப்போது? பால்மரம் வெட்டியவங்களைக் கேட்டால் சொல்வாங்க. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலையைக் கொட்டும், பால் குறையும், சம்பளமும் குறையும். ஆனால் ஊர் கூடும் காலம் என்று பார்த்தால், நமக்கும் அந்தச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரைதான். செப்டம்பர் 16 மலேசிய தினம். பிறகு நவராத்திரி, தீபாவளி. அதன் பின்னே அடைமழை. கடைசியில் பள்ளி விடுமுறை. நம் மொழிக்கும் அக்டோபர் மாதம் ஒரு நினைவு நாளை வைத்திருக்கிறது. 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21இல்தான் பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியது. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாறு அங்கிருந்துதான் எண்ணப்படுகிறது.

பெரியோர்களே! தோட்டத்தில் இருந்தபோது 'தொண்டூழியம்' என்ற சொல் நமக்குத் தேவைப்படவில்லை. ஒரு லயத்தில் சாவு என்றால் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வரும். கல்யாணம் என்றால் யாரும் அழைக்காமலே பெண்கள் வந்து காய் நறுக்குவார்கள். கோயில் திருவிழாவுக்கு எல்லோர் சம்பளத்திலும் ஒரு பிடி பிடித்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

இன்று என்ன நிலை? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்பு வந்தது. ஒரே லயத்தில் இருந்தவர்கள் ஐந்து தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் பிரிந்து போனோம். அப்பா காலை ஷிப்டு, அம்மா இரவு ஷிப்டு. பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாது. நான் குறை சொல்லவில்லை, வாழ்க்கை அப்படி மாறிவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். தோட்டம் போனதோடு தோட்டத்துப் பழக்கமும் போக வேண்டுமா? அது போய்விட்டால், நாளைக்கு நம் வீட்டில் ஒரு துன்பம் என்றால் கதவைத் தட்ட யார் வருவாங்க?

நம் முன்னோர் பணக்காரர்கள் அல்லர். ஆனாலும் 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று கோ. சாரங்கபாணி அவர்கள் குரல் கொடுத்தபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வீதிக்கு வரும் நிலை வந்தபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்குதாரர் ஆனார்கள், தோட்டங்களையே வாங்கினார்கள். சிறு கை பல சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இனி, வரும் மாதங்களில் நாம் செய்யக் கூடிய வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, மலேசிய தினத்தையொட்டி ஒரு கோத்தோங் ரோயோங். புல் வெட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைவிடத் தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே தேடி முட்டையிடும். பழைய டயர், பூச்சட்டித் தட்டு, கைவிட்ட பால் கோப்பை, எதுவும் போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகையால் ஆண்டுக்கு ஒரு நாள் கூடிப் படம் பிடித்துக் கொண்டால் போதாது. வாரம் ஒரு முறை, பத்தே நிமிடம், ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் தண்ணீர் நிற்கும் பொருள்களைக் கவிழ்க்க வேண்டும். மாணவச் செல்வங்களே, இது உங்கள் வேலை. அப்பாவிடம் விட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார்!

இரண்டாவது, நவராத்திரியும் கோயில் அன்னதானமும். பந்தியில் பரிமாற ஆள் உண்டு. மேடையில் மாலை வாங்கவும் ஆள் உண்டு. பாத்திரம் கழுவத்தான் ஆள் இல்லை! எல்லோரும் போன பிறகு அந்த நாலு அக்காமார்தான் இரவு பதினொரு மணிவரை அண்டாவைத் தேய்க்கிறாங்க. இளைஞர்களே, இந்த ஆண்டு அண்டாவை நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள். குப்பையைப் பிரித்து அப்புறப்படுத்துவதும், சாலையோரத்தில் வாகனங்களை ஒழுங்குபடுத்துவதும் உங்களால் ஆகும்.

மூன்றாவது, தீபாவளி. பெருநாள் காலங்களில் பலர் ஊருக்குப் போய்விடுவதால் இரத்த வங்கிகளில் கையிருப்பு குறைகிறது. சிவப்பணுக்களை அதிகம் போனால் 42 நாள் வைத்திருக்கலாம். தட்டணுக்கள் ஐந்து நாள்வரைதான் தாங்கும். அதனால் போன மாதம் கொடுத்த இரத்தம் இந்த மாதத்துக்குப் போதாது. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையோடு நலமாக இருப்பவர்கள் கொடுக்கலாம். அங்கேயே சோதித்துத்தான் எடுப்பார்கள், பயம் வேண்டாம். தீபாவளிக்கு முன் நம் பள்ளி மண்டபத்தில் ஒரு முகாம் வைத்தால் என்ன?

அதே பெருநாளில் தனியாக இருக்கும் முதியவர்களையும் நினைக்க வேண்டும். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையாக இருப்பார்கள். பாட்டி மட்டும் பழைய வீட்டில். ஒரு பை அரிசியைக் கொடுத்து, பக்கத்தில் நிறுத்தி, நாலு பேர் கைநீட்டிப் படம் எடுத்து, வாட்சாப்பில் போடுகிறோமே, அந்தப் பாட்டிக்கு மானம் இல்லையா? படம் வேண்டாம். பத்து நிமிடம் உட்கார்ந்து, "பாட்டி, சாப்பிட்டீங்களா? மருந்து இருக்கா?" என்று கேளுங்கள். அரிசியைவிட அந்தக் கேள்விக்காகத்தான் அவங்க காத்திருக்காங்க.

நான்காவது, மழை. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். வெள்ளம் என்றால் கிழக்குக்கரைக்குத்தான் என்று நினைத்திருந்தோம். 2014 டிசம்பரில் கிளந்தானைப் பார்த்தோம். 2021 டிசம்பரில் ஷா ஆலம், ஸ்ரீ மூடாவிலேயே வீடுகள் மூழ்கின. அப்போது மக்களே படகு கொண்டு வந்தார்கள், மக்களே சமைத்துக் கொடுத்தார்கள். மழைக்கு முன்பே ஒரு பட்டியல் வேண்டும்: எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், யாரிடம் வேன் இருக்கிறது, யார் இரவில் தூக்கிவர முடியும். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். வெள்ளம் வடிந்தபின் வீடு கழுவப் போகிறவர்கள் காலணியும் கையுறையும் இல்லாமல் இறங்க வேண்டாம். எலிக் காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் இருக்கும்.

ஐந்தாவது, டிசம்பர் விடுமுறை. படித்த அண்ணன்மார், அக்காமார் வாரம் இரண்டு மணி நேரம் வந்து, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். உதவித்தொகைப் படிவம் எல்லாம் இப்போது இணையத்தில் போய்விட்டது. தாத்தா பாட்டிக்குப் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுங்கள். தொலைப்பேசி இருக்கும் பிள்ளை எவனும் இதைச் செய்யலாம்.

"எங்களுக்கு நேரம் எங்கேங்க?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஒரு கணக்குப் பாருங்கள். நாற்பது குடும்பம், மாதம் இரண்டே மணி நேரம். மாதத்துக்கு 80 மணி. நான்கு மாதத்தில் 320 மணி. இதுவரை நாலைந்து பேர் மட்டும் முதுகு ஒடிந்து இழுத்த தேர் இது. எல்லோரும் வடம் பிடித்தால் யாருக்கும் வலிக்காது.

"சங்கம் என்றாலே சண்டை" என்றும் சிலர் ஒதுங்குகிறார்கள். அதற்கும் வழி உண்டு. பதவி வேண்டாம், வேலையை மட்டும் பங்கு போடுவோம். வாங்கிய ஒவ்வொரு காசுக்கும் கணக்கைக் கரும்பலகையில் எழுதி வைப்போம். ஒளிவு மறைவு இல்லாத இடத்தில் சண்டைக்கு வேலை இல்லை.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அதில் ஐந்து தாள். கொசு, கோயில், இரத்தமும் முதியவர்களும், மழை, பாடம் என்று தலைப்பு எழுதியிருக்கிறது. சாப்பிடப் போகும் முன் ஏதாவது ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதுங்கள். ஒன்று போதும். எழுதத் தெரியாத தாய்மார்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் பெயர் அந்தத் தாளில் ஏறுவதைப் பிள்ளை தன் கையாலேயே எழுதிப் பார்க்கட்டும். இன்று வாங்கிய பரிசைவிட அது அதிக நாள் அவன் மனத்தில் நிற்கும்.