இருக்கும் தளமே கடையாகட்டும்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே!

வெப்சைட் வைத்திருக்கும் சிறு வணிகர் இணையக் கடை தொடங்கும்போது, பழைய வடிவமைப்பையே கடைத் தீமாக, அதாவது கடைக்குத் தோற்றம் தரும் கோப்புத் தொகுப்பாக, மாற்றுவது நல்லதா, ஆயத்தத் தீம் வாங்குவது நல்லதா? பழையதை மாற்றுவதே நல்லது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அம்மா கேட்டார்கள்: "தகவல் சொல்ல வரைந்த தளத்தில் கூடை ஏது, பணம் கட்டும் பக்கம் ஏது?" நியாயமான கேள்வி. ஆனால் அம்மா, அந்தப் பக்கங்களைத் தருவது தீம் இல்லையே! வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் வந்த வூகாமர்ஸ் என்ற ப்ளகினை, அதாவது கூடுதல் வசதி தரும் நிரலை, நிறுவினால் பொருள் பட்டியல், கூடை, செக்-அவுட், வாடிக்கையாளர் கணக்கு எல்லாவற்றையும் அதுவே கொண்டுவந்துவிடும். மொத்த விலையைக் கணக்கிடுவதும் இருப்பைக் கழிப்பதும் அதன் பொறுப்பு. தீம் அவற்றுக்கு நிறமும் எழுத்தும் அமைப்பும் தருகிறது. 2018-இல் வந்த 3.3 பதிப்பு முதல், வூகாமர்ஸுக்கென்று எழுதப்படாத தீமிலும் கடைப் பக்கங்கள் ஓரளவு ஒழுங்காகவே வந்து உட்காருகின்றன.

மீதி வேலை சின்னது என்று சொல்ல மாட்டேன். பொருள் தீர்ந்துபோனால் என்ன காட்டுவது, நிறம் தேர்வு செய்யும் பெட்டி எப்படி இருக்க வேண்டும், காலிக் கூடையில் என்ன எழுதுவது, பின்கோடு தவறாக இருந்தால் எச்சரிக்கை எங்கே வரவேண்டும்? பழைய டிசைனில் இவை இருந்திருக்காது, வரைந்துதான் ஆகவேண்டும். வூகாமர்ஸின் டெம்ப்ளேட் கோப்பை நம் தீமுக்குள் நகலெடுத்துத் திருத்தினால், ப்ளகின் புதுப்பிக்கப்படும்போது அந்த நகல் பழசாகி நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்த டெவலப்பர் முதலில் தோற்றத்தை மாற்றும் சிஎஸ்எஸ், நம் நிரலை இடையில் செருக உதவும் ஹூக் ஆகியவற்றால் முடிகிறதா என்று பார்ப்பார். முடியாத இடத்தில்தான் நகலில் கை வைப்பார்.

ஆயத்தத் தீம் வாங்கினால் மட்டும் நிம்மதியா? அதைத் தன் கடைக்கு ஏற்பத் திருத்தாத வணிகர் யார்? மாற்றங்களைத் தனியே வைத்திருக்கும் சைல்டு தீம் போடாமல் மூலக் கோப்பிலேயே திருத்தியவர், அடுத்த அப்டேட்டில் அத்தனையையும் இழப்பார்.

இனி என் முக்கியமான வாதம். மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் தளம் தமிழில் இருக்கிறது. சந்தையில் விற்கும் தீம்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. அவற்றில் உள்ள வாங்கும் பொத்தானில் 'கூடையில் சேர்க்கவும்' என்று எழுதினால் இரண்டு வரியாக மடங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் நம் 'கீ'யின் மேல்சுழியும் 'கூ'வின் கீழ்ச்சுழியும் ஒன்றோடொன்று இடிக்கும். பழைய தளத்தை வரைந்தவர் எழுத்துரு, வரி இடைவெளி, பொத்தானின் அகலம் எல்லாவற்றையும் தமிழுக்காக ஏற்கெனவே சரிசெய்து வைத்திருக்கிறார். அந்த உழைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே வேலையை மறுபடி காசு கொடுத்துச் செய்யச் சொல்கிறது எதிரணி!

வாங்குகிறவரையும் பாருங்கள். போலித் தளங்களில் பணத்தைப் பறிகொடுத்தவர்களின் கதை இன்று எல்லாத் தெருவிலும் கேட்கிறது. பல வருடமாகப் பார்த்துப் பழகிய தளம் ஒருநாள் திடீரென்று வேறு முகம் காட்டி, "கார்டு எண்ணைப் போடு" என்றால் யாருக்குத்தான் கை தயங்காது? அதே லோகோ, அதே நிறம், அதே முகவரி இருந்தால், அந்தக் கடையில் காலம் காலமாக வாங்கும் அக்கா துணிந்து ஆர்டர் போடுவார். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் விற்பவரின் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலர் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. எந்தத் தீமும் இவற்றை எழுதிக் கொண்டுவராது. பெயரும் முகவரியும் பழைய தளத்தில் இருக்கின்றன, மீதியைச் சேர்த்தால் போதும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பழைய தளம் மொபைலில் உடைந்து தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகே கடை. அப்போதும் அந்த வணிகரின் அடையாளம் அவரிடமே இருக்கும்.

ஆகவே நடுவர் அவர்களே, உழைத்து உருவாக்கிய தளத்தைக் கலைக்காமல் கடையாக வளர்த்தெடுப்பதே சிறு வணிகருக்கு நன்மை என்று எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.