டீக்கடைக்குப் போனவருக்குக் கேட்காது
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. ஆனாலும் செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், என் வீட்டில் பத்து நாள் நடந்த கூத்து.

என் தாயார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். பேத்தியின் கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. அந்த வீடியோவைத் தன் அறை டிவியில் பார்க்க ஆசைப்பட்டார். வீடியோ ஹாலில் உள்ள கம்ப்யூட்டரில், மீடியா சர்வரில் இருக்கிறது. ஹால் டிவியில் வருகிறது. அம்மா அறை டிவியில் சர்வரின் பெயரே வரவில்லை. யூடியூப் மட்டும் அருமையாக ஓடுகிறது! பார்க்க வந்த மெக்கானிக், "டிவியை மாத்துங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லவேளை, மாற்றவில்லை.

உள் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று நான் இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டியிருந்தேன். வினை அதில்தான். கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி 192.168.1.5, அம்மா டிவியின் முகவரி 192.168.0.12. மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க்.

வாணியம்பாடியில் எங்கள் கிளைக்குத் தோல் ஏற்றுமதி பில் கொடுக்க வருபவர்கள் ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வருவார்கள். டீக்கடைக்குப் போனவருக்குக் கேட்காது; போன் போட்டால்தான் வருவார். டிவியும் அப்படியே. 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900-ஆம் போர்ட்டில், "சர்வர் யாராவது உண்டா?" என்று கூவுகிறது. வீட்டு ரவுட்டர் அந்தக் கூவலைச் சாதாரணமாக மறுபக்கம் விடாது. சர்வர் முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்யும் வசதி டிவி செயலியில் இருந்தால், என் வீட்டு அமைப்பில் அது வேலை செய்யும். என் டிவியில் அந்த வசதி இல்லை.

நான் செய்தது இதுதான். இரண்டாவது ரவுட்டருக்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்தேன். முதல் ரவுட்டர் மற்ற சாதனங்களுக்குப் பங்கிடும் எண்களில் அது வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு டி.எச்.சி.பி.யை நிறுத்தினேன். கடைசியாக, வான் துளையில் இருந்த கேபிளைப் பிடுங்கி லான் துளையில் செருகினேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நான் முதலில் மாற்றி, ஒரு மணி நேரம் வீடு முழுக்க இன்டர்நெட் இல்லாமல் திட்டு வாங்கினேன். உங்கள் ரவுட்டரில் 'அக்சஸ் பாயின்ட் மோட்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். பிறகு டிவியை அணைத்துப் போடுங்கள், புது முகவரி வாங்கிக்கொள்ளும்.

அப்போதும் வரவில்லையா? டிவி 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது மற்ற சாதனங்களைப் பார்க்க விடாது. விண்டோஸில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தாலும் சர்வர் ஒளிந்துகொள்ளும். வீட்டு வைஃபைக்கு 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். இதற்காக ஃபயர்வாலையே அணைத்துவிடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அம்மா வீடியோவை மூன்று முறை பார்த்துவிட்டார். பந்தலில் பட்டு வேட்டியோடு தூங்கிக்கொண்டிருப்பது யார் என்று கேட்டார். நான்தான்.