குரலைக் கேட்டு வந்தோம்

(வாலிபர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அண்மையில் அங்கத்தினர் நால்வருடன், பறவைகளைப் படம் பிடிக்கக் கித்துள்கலைக்குச் சென்றேன். களனி கங்கையைத் தோணியிற் கடந்து காட்டினுட் புகுந்தோம். நண்பகலில் ஒரு கூடு தென்பட்டது, இலைகள் மறைத்தன.

"கிளையை ஒடித்தால் படம் நன்றாக விழும், ஐயா" என்றான் ஒரு தம்பி.

"நிழல் போய்விடும், காகம் கண்டுவிடும், குஞ்சுகள் தப்பா" என்றேன். முகம் வாடினான். படமின்றித் திரும்பினோம்.

வழியிலே அவனுக்கு ஒரு செய்தி கூறினேன். 1995இல் இதே கித்துள்கலையில் தீபால் வரக்காகொட என்பவர் இரவில் அறியாத குரலொன்றைக் கேட்டார். அதற்குரிய பறவையைச் சிங்கராஜ வனத்தில் கண்டது 2001 ஜனவரியிலேதான். அது ஒரு சிறிய ஆந்தை; 1868க்குப் பின் இலங்கையில் கண்டறியப்பட்ட முதற் புதுப் பறவை! சிங்கராஜாவில் மரம் தறிப்பதை எதிர்த்துப் போராடிய திலோ ஹொப்மனின் பெயரை 2004இல் அதற்குச் சூட்டினர். காடு அழிந்திருந்தால் குரலும் அழிந்திருக்குமன்றோ?

அத்தம்பி இப்போது விடியற்காலையில் லயத்து வாசலில் நின்று பறவைக் குரல்களைக் குறித்து வருகின்றான். இதுவரை பதினொன்று, பெயர் தெரிந்தவை நான்கே. மற்றவற்றை அறிய, பெரியோர்களே, நீங்கள் உதவ வேண்டும்.