கடையை ஏன் மூடினேன்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமா இந்த மேடையில கடை திறந்தவங்கதான் பேசுவாங்க. நான் கடையை மூடினவ. "அதையும் நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும், பேசு"ன்னு எங்க ஊக்குநர் அக்கா சொன்னதால வந்து நிக்கிறேன்.

ஏழாயிரம்பண்ணையில 1991-ல எங்க மாமியார் ஆரம்பிச்ச இட்லிக்கடை அது. பயர் ஆபீஸ் வண்டி காலையிலேயே வந்துரும். அதுக்குள்ள எல்லாருக்கும் பார்சல் கட்டணும்னா விடியக்காலம் மூணு மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும். சாப்பிட்ட காசைச் சனிக்கிழமை கூலி வாங்கித்தான் தருவாங்க. அதுக்கு ஒரு பற்று நோட்டு.

கடை மூடினதும் ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. சில ஓட்டலுக்கு ஒரே காரணம் இருக்கும். சென்னை கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962-ல திறந்து 2008-ல மூடினாங்க. கூட்டம் வராமல் இல்லை. நிலம் அரசாங்கத்துது, அரசாங்கம் எடுத்துக்கிச்சு. இப்ப அங்க செம்மொழிப் பூங்கா இருக்கு. எங்க கடைக்கு அப்படி ஒரே காரணம் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்தது.

2018 அக்டோபரில் பட்டாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. பேரியம் நைட்ரேட் கூடாது, சரவெடி கூடாதுன்னாங்க. நவம்பரில் ஆலைகளைப் பூட்டினவங்க மாசக்கணக்கில் திறக்கலை. தீபாவளி முடிஞ்சா சில வாரம் வேலை இருக்காது, அது நமக்குப் பழக்கம். இது அப்படி இல்லை. உலை வைக்காத வீட்டுல போய்ப் பாக்கி கேட்க முடியுமா? நோட்டு தடிச்சுக்கிட்டே போச்சு.

2020-ல ஊரடங்கு. 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளம் விபத்து. இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. அதில் ஒரு பிள்ளை தினமும் எங்க கடையில நாலு இட்லி வாங்குவா. அவ கணக்கைக் கோடு போட்டு அடிச்சேன். மறுநாள் நாங்க அடுப்பு மூட்டலை.

அந்த வருஷக் கடைசியில கடைகளுக்கான சிலிண்டர் 2,000 ரூபாயைத் தாண்டிச்சு. இட்லிக்கு ஒரு ரூபா கூட்டினேன். "மதினி, நீங்களுமா?"ன்னு ஒருத்தி கேட்டா. மறுநாளே இறக்கிட்டேன்.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. வேலைக்குப் போற தாய்மார் பிள்ளைகளுக்கு வாங்குற பார்சல் குறைஞ்சு போச்சு. அந்த வியாபாரம் போனதுல மட்டும் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைக பள்ளிக்கூடத்துல சூடா சாப்பிடுது.

இவ்வளவுக்குப் பிறகும் மூடணும்னு தோணலை. குழுவில் 50,000 ரூபா கடன் கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஊக்குநர் அக்கா ஒண்ணுதான் கேட்டாங்க: "குழு கணக்கை வரி வரியா எழுதுறியே, கடைக் கணக்கை என்னிக்காவது எழுதினியா?"

பற்று நோட்டு இருந்துச்சு. வரவு செலவு நோட்டு இல்லை. ஒரு மாசம் உட்கார்ந்து எழுதினேன். அரிசி, உளுந்து, எண்ணெய், சிலிண்டர், வாடகை, பாத்திரம் கழுவுற அக்கா கூலி, வராத பாக்கி எல்லாம் கழிச்சா ஒரு நாளைக்கு 190 ரூபா மிஞ்சிச்சு. அதுக்கு நான், வீட்டுக்காரர், மாமியார்னு மூணு பேர் உழைப்பு. எங்க கூலியை நாங்க செலவுல சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தா அந்தக் கடை எப்பவோ நஷ்டம். சும்மா கிடைச்ச எங்க உழைப்புலதான் அது ஓடியிருக்கு.

கணக்கைப் பார்த்துட்டு ரெண்டு நாள் தூங்கலை. அடுத்த கூட்டத்துல கடன் மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டேன். நான் கட்டத் தவறினா மத்த பதினோரு பேர் தலையில விழும். அவங்க சேமிப்பும் இதே மாதிரி கூலிக் காசுதானே.

2024 தை மாசம் மூடினோம். மாமியார் இட்லிக் கொப்பரையைக் கழுவிக் கவுத்திட்டு, "பசின்னு வந்த யாரையும் திருப்பி அனுப்பலை, அது போதும்"னாங்க. அப்புறம் அன்னிக்கு முழுக்கப் பேசலை.

இப்ப அதே கிரைண்டர்ல இட்லி மாவு அரைச்சு வீட்டிலேயே விக்கிறேன். கையில காசு, பையில மாவு. நோட்டுல முதல் வரி என் கூலி. அது போகத்தான் லாபம். சின்ன வரும்படிதான், ஆனா கடன் இல்லை.

அக்கா தங்கச்சிகளே, கடை வைக்காதீங்கன்னு சொல்ல வரலை. வைங்க. ஆனா உங்க கூலியை முதல் வரியில எழுதுங்க. நட்டம்னு தெரிஞ்சா அதுக்கு மேல கடன் வாங்கிப் போடாதீங்க. குழுவில் வந்து சொல்லுங்க. நான் சொன்னப்ப யாரும் சிரிக்கலை.

பழைய பற்று நோட்டு இன்னும் வீட்டுல இருக்கு. நான் யாரையும் கேட்கிறதில்லை. ஆனாலும் சில சனிக்கிழமை யாராவது வாசலில் வந்து, "மதினி, பழைய பாக்கி"ன்னு ஐம்பது ரூபா வச்சிட்டுப் போறாங்க. அதையும் வரவுல எழுதிக்கிறேன்.